‘தீப்பிடித்தது’ என்னும் வினைச்சொல்: தேசியத் தீக்கணக்கைக் கிளியூரிலிருந்து வாசித்தல்

1

சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த கிளியூர்ப் பக்கம், சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குடிசை எரிந்தது. பங்குனி மாதம், நடு மத்தியானம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருகிய இரண்டு கம்பங்கள், வாய் கோணிப்போன ஓர் அலுமினியப் பானை, ஈரச் சாம்பல். ஆள் சேதமில்லை. பக்கத்திலிருந்தவர்கள் பச்சைக் குழையை ஒடித்து அடித்தும், குடத்துத் தண்ணீரை வீசியும் அடுத்த கூரைக்குத் தாவாமல் நிறுத்தியிருந்தார்கள். ‘ஃபயர் சர்வீசுக்குச் சொல்லலையா ஆயா?’ என்று அந்த வீட்டுக் கிழவியிடம் கேட்டேன். ‘போன் போட்டாலும் வண்டி எங்க கண்ணு வந்து நிக்கும்? ரோட்டுல நிக்கும். தீ இங்கல்ல இருக்குது’ என்றாள்.

இதில் எந்த அலுவலகத்தின் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. யாரும் அழைக்கவில்லை, யாரும் வரவில்லை, அவ்வளவே. ஆனால் அன்றைக்கு என் பையில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘இந்தியாவில் விபத்து மரணங்களும் தற்கொலைகளும்’ தொகுதியின் சில பக்கங்கள் இருந்தன. தீ பற்றிய அட்டவணையை வேறொரு காரியத்துக்காகப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அந்தச் சாம்பல் அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்துக்குள் போகும் என்று யோசித்தபோது, எதற்குள்ளும் போகாது என்பது விளங்கியது. இக்கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது. அந்தக் குடிசை விடுபட்டது தற்செயலா, இல்லை அட்டவணையின் கட்டமைப்பே அப்படித்தானா என்பதே கேள்வி.

2

முதலில் எண்கள். மேற்படி காப்பகத்தின் கணக்குப்படி 2019-இல் இந்தியாவில் 11,037 தீ விபத்துகள் நடந்தன. அவற்றில் இறந்தவர்கள் 10,915 பேர், காயமடைந்தவர்கள் 441 பேர். இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்து நிதானமாக ஒருமுறை வாசிக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒவ்வொரு தீயிலும் ஒருவர் சாகிறார்; ஆனால் காயமடைகிறவர் இருபத்தைந்தில் ஒன்றுகூட இல்லை. உலகத்தில் எந்த நெருப்பும் இப்படி எரிவதில்லை. எந்த அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குள்ளும் ஒரு நாள் போய் நின்றவருக்கு இது தெரியும்.

அப்படியானால் இந்த அட்டவணை எதை எண்ணுகிறது? காவல் நிலையத்துக்குள் வந்த பிணங்களை. பிணம் விழுந்தால் வழக்குப் பதிவு. வழக்கு இருந்தால் எண். பிணம் விழாத தீக்கு இங்கே இருப்பு கிடையாது. கையும் முகமும் வெந்து, வீடும் போய், கடனும் ஏறி உயிரோடு இருப்பவள் இந்தத் தொகுதிக்குப் பொருட்டல்ல. ‘தீ விபத்து’ என்ற தலைப்பின் கீழ் நமக்குக் கிடைப்பது காவல்துறையின் நாட்குறிப்பு; தீயின் வரலாறு இல்லை.

இதே தொகுதி 2014-க்கு 19,513 தீ மரணங்களையும், 2022-க்கு 7,435 மரணங்களையும் தருகிறது. எட்டு வருடத்தில் பாதிக்கும் கீழே. மண்ணெண்ணெய் அடுப்பு போய் எரிவாயு வந்ததாலா, கூரை போய் காங்கிரீட் வந்ததாலா, அல்லது எழுதுகிற முறை மாறியதாலா? மூன்றும் கலந்துகூட இருக்கலாம். எதனால் என்று சொல்லும் திறன் அட்டவணைக்கு இல்லை. ஆனால் சாதனை என்று மேடையில் வாசிப்பதற்கு அது எப்போதும் தயார்.

3

தீயணைப்புத் துறையிடம் தனிக்கணக்கு இருக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை தன் அழைப்புகளைத் ‘தீ அழைப்பு’, ‘மீட்பு அழைப்பு’ என்று பிரித்துப் பதிவு செய்கிறது. கிணற்றில் விழுந்த மாடும் வீட்டுக்குள் புகுந்த பாம்பும் இரண்டாவதில் வரும். சமவெளியில் ஏதோ ஒரு நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம் சொன்னார்: ‘போன் வந்த டைம், வண்டி கிளம்பின டைம், போய்ச் சேர்ந்த டைம் மூணையும் நாங்க கரெக்டா எழுதுவோம் சார். தீப்பிடிச்ச டைம் மட்டும் அவங்க சொல்றதுதான்.’ துறையின் கடிகாரம் தொலைபேசி மணியோடு ஓடத் தொடங்குகிறது. நெருப்பின் கடிகாரம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தை மலையில் கூப்பிட ஆள் தேடி, டவர் தேடி, பாதை தேடிக் கழிக்கிறோம். அந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆக வண்டி போன இடம்தான் தீ நடந்த இடம். நிலையங்கள் நெருக்கமாக உள்ள ஊரில் தீ ‘அதிகம்’, நிலையமே இல்லாத ஊரில் தீ ‘குறைவு’. இந்த எண்களை அப்படியே கூட்டி தேசிய எண் ஆக்கினால், சென்னை எரிந்துகொண்டே இருக்கும், கிளியூர் குளுகுளுவென்று இருக்கும்.

தவிரவும், ஒரே தீ பல பேரேடுகளுக்குள் சிதறிப் போகிறது. ஆள் செத்தால் காவல் நிலையம். குடிசை எரிந்தால் கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, வருவாய்த் துறை மூலம் கொஞ்சம் பணமும் அரிசியும் வேட்டி சேலையும். ஆகவே அங்கே ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்று ஒரு கணக்கு. காடு எரிந்தால் வனத்துறை. வெந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே ஒரு கணக்கு. சரக்கு எரிந்து காப்பீடு கேட்டால் கம்பெனியில் ஒன்று. இந்தப் பேரேடுகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய துண்டை வெட்டி எடுத்துக்கொள்கிறது: ஒன்றுக்குப் பிணம், ஒன்றுக்குக் கூரை, ஒன்றுக்கு மரம், ஒன்றுக்கு ரூபாய்.

வானத்திலிருந்தும் ஒரு கணக்கு உண்டு. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு காட்டுத்தீ எச்சரிக்கைகளை அனுப்பி வருகிறது. இப்போது பயன்படும் உணர்கருவி ஒன்றின் கட்டம் 375 மீட்டர் அகலம். சரிவில் புல் பற்றி எரிந்தால் அந்தக் கண்ணில் படும். ஒரு குடிசை, ஓர் அடுப்பங்கரை, எஸ்டேட் லைன் வீட்டின் ஓர் அறை அதற்குள் ஒரு புள்ளியாகவும் தேறாது. கிளியூர் மலைச்சரிவின் வெப்பம் டேராடூனுக்குத் தெரியும். கிளியூர்க் கிழவியின் கூரை எரிந்தது அங்கேயும் தெரியாது.

4

இனி மொழிக்கு வருவோம். எண்களை விடவும் பதிவேட்டின் இலக்கணமே அதிகம் பேசுகிறது என்பது என் எண்ணம்.

தமிழில் நெருப்புக்கு மூன்று வினைகள் உண்டு. ‘தீப்பிடித்தது’, இதற்கு எழுவாய் கிடையாது, தானாக வந்து பிடித்துக்கொண்டது. ‘தீ வைத்தார்கள்’, இதற்கு ஆள் உண்டு, கை உண்டு, நோக்கம் உண்டு. ‘தீக்குளித்தாள்’, இதில் எரிந்தவளே எழுவாய், நெருப்பு அவள் விரும்பிப் போய் இறங்கிய குளம். அரசின் பதிவேடு எப்போதும் முதல் வினையை விரும்புகிறது. நம் செய்தித்தாள்களில் அன்றாடம் வரும் ‘மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்திருக்கலாம் எனக் கூறப்படுகிறது’ என்கிற வாக்கியத்தைப் பாருங்கள். யார் கூறுகிறார்கள்? தெரியாது. யார் கம்பியைச் சரியாகப் போடவில்லை? தெரியாது. கசிவும் குறுக்குச்சுற்றும் தொழில்நுட்பத்தில் வெவ்வேறு என்பதுகூட அந்த வாக்கியத்துக்கு அவசியமில்லை. ‘மின்கசிவு’ இங்கே ஒரு காரணமாக நிற்கவில்லை, காரணம் தேடும் வேலையை முடித்து வைக்கும் முத்திரையாக நிற்கிறது. தேசிய அட்டவணையில் இந்த வேலையை ‘பிற காரணங்கள்’ என்ற வரி செய்கிறது. மரணங்களில் பெரும் பங்கு அங்கேதான் போய்ச் சேர்கிறது.

ரணஜித் குஹா 1983-இல் கலக எதிர்ப்பின் உரைநடை பற்றி எழுதிய கட்டுரையில், விவசாயிகளின் எழுச்சிகளை வரலாற்று எழுத்து இடியாகவும் பூகம்பமாகவும் காட்டுத்தீயாகவும் வர்ணித்து அவற்றிலிருந்து மனித நோக்கத்தைக் கழற்றிவிடுவதைச் சுட்டிக்காட்டினார். இங்கே அதன் மறுபக்கத்தைப் பார்க்கிறோம். கலகத்தைத் தீயாக்கிய அதே உரைநடை, தீயை ‘விபத்து’ ஆக்குகிறது. இரண்டிலும் மறைவது செய்தவன்தான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அது தீ வைப்பு, கொலை. ஆகவே விபத்து அட்டவணைக்குரியது அல்ல என்று அதிகாரி சொன்னால், சட்டப்படி சரிதான். ஆனால் அந்தக் கூரைகள் ஏன் எளிதில் எரியக்கூடியவையாக இருந்தன என்ற கேள்வி குற்ற அட்டவணையிலும் வராது, விபத்து அட்டவணையிலும் வராது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்து செத்தார்கள். தீ ‘பிடித்தது’ என்றே வைத்துக்கொள்வோம். சங்கிலியைப் பிடித்தது யார்? ‘காரணம்’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் கூரையும் சங்கிலியும் ஒருபோதும் அடங்குவதில்லை.

5

மூன்றாவது வினை பெண்களுடையது. இங்கே கணக்கு முற்றிலுமாக உடைகிறது.

எரிந்துபோன பெண்ணொருத்தி மூன்று இடங்களில் எங்கு வேண்டுமானாலும் போய் விழலாம்: ‘அடுப்பு வெடிப்பு’ என்றால் விபத்து அட்டவணை, ‘தீக்குளிப்பு’ என்றால் தற்கொலை அட்டவணை, ‘வரதட்சணை மரணம்’ என்றால் குற்ற அட்டவணை. எதில் விழுகிறாள் என்பதை மரண வாக்குமூலம் தீர்மானிக்கிறது. அதை அவள் எந்த நிலையில் தருகிறாள்? கட்டிலைச் சுற்றிப் புருஷன் வீட்டார், வெளியே குழந்தைகள், நாளை அந்தக் குழந்தைகளுக்குச் சோறு போடப்போவது யார் என்ற கவலை. ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்கிறாள். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை, ஏழு தாண்டிவிட்டால் ஸ்டவ் இன்னும் சுலபமாக வெடிக்கும்.

2009-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் பிராச்சி சங்கவி, கவி பல்லா, வீணா தாஸ் ஆகியோர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000-க்கும் மேல் என்பது அவர்கள் மதிப்பீடு. காவல்துறைக் கணக்கைப் போல இது ஆறு மடங்கு. அதில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15-க்கும் 34-க்கும் இடைப்பட்ட வயதினர். அந்த வயதில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற விகிதத்தில் சாகிறார்கள். நெருப்புக்கு ஆண் பெண் தெரியாது. ஆகவே இந்த விகிதத்தை நெருப்பால் விளக்க முடியாது.

இங்கு கவனிக்கத்தக்கது இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதே. காவல் நிலையத்தை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். நகர்ப்புறங்களில் மருத்துவர் சான்றளித்த மரணக் காரணங்களையும், கிராமப்புறங்களில் செத்தவர் வீட்டுக்கே போய், இருப்பவர்களிடம் கேட்டறிந்த பதிவுகளையும் எடுத்துக்கொண்டார்கள். கேட்கிற இடத்தை மாற்றியதும் ஆறில் ஐந்து பங்கு பிணங்கள் புதிதாக வெளியே வந்தன.

6

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபூக்கோவை அரைகுறையாக வாசித்துவிட்டு, புள்ளிவிவரம் என்பதே அதிகாரத்தின் சொல்லாடல், எண்ணுவது என்பதே ஆள்வது என்று கூட்டங்களில் பேசித் திரிந்தவன்தான் நானும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மைய அரசின் ஆவணங்கள் நம் தீயணைப்புத் துறைகளின் பற்றாக்குறையைத் தந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: நிலையங்களில் 97.54 சதவீதம், வண்டிகளில் 80.04 சதவீதம், ஆட்களில் 96.28 சதவீதம். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்! உள்துறை அமைச்சகத்துக்காகச் செய்யப்பட்டு 2012-இல் வந்த இன்னொரு ஆய்வோ, 8,559 நிலையங்கள் தேவை, இருப்பது 2,987 என்றது. அதாவது பற்றாக்குறை 65 சதவீதம். ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே காலம். ஒன்றில் எதுவுமே இல்லை என்கிற அளவு, இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. அளவுகோல் மாறியது, பஞ்சமும் மாறிவிட்டது.

அளவுகோலும் சமவெளியில் செய்ததுதான். நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கும் கிராமத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு நிலையம். நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்தில், கிராமத்தில் 20 நிமிடத்தில் வண்டி சேர வேண்டும் என்பது நெறி. வரைபடத்தில் சதுரம் போடுவது சுலபம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் காப்பிக் காடு, சில்வர் ஓக் மரங்கள், ஒற்றையடிப் பாதை. தண்ணீரும் அப்படித்தான். ஏரி நிரம்பி வழிந்தால் விழுகிற கிளியூர் அருவி ஐப்பசி கார்த்திகையில் இரைச்சலிடும். புல் காய்ந்து தீப்பிடிக்கிற மாசி பங்குனியில் நூலாக மெலியும். ‘நீர் ஆதாரம்: உண்டு’ என்று படிவத்தில் ஒரு டிக் போட்டால், எந்த மாதத்தில் என்று அது கேட்காது.

அரசியல் சாசனமேகூட நெருப்பை நகரத்துக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது. 1992-இன் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளின் பணிகளுள் தீயணைப்பும் ஒன்று. ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையின் 29 இனங்களில் அது இல்லை. ‘எரிபொருளும் தீவனமும்’ இருக்கிறது. கிராமத்தில் எரிக்க இடமுண்டு, அணைக்க இடமில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் இதிலிருந்து ‘எண்ணாதே’ என்ற முடிவுக்குப் போனால், அந்த 1,06,000 பெண்களை மறுபடியும் ஸ்டவ்வுக்குள்ளேயே போட்டு மூடியவர்களாவோம். எண்ணை மறுப்பதற்கும் வசதி வேண்டும். ஏற்கெனவே எண்ணப்பட்டு, ரேஷன் அட்டையும் காப்பீடும் உள்ளவனுக்குக் கிடைக்கும் வசதி அது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்தார்கள். 94 என்ற எண் தமிழ்நாட்டின் மனதில் நின்றது. பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் இறங்கின. அதற்கு முன் எத்தனை பள்ளிக் கூரைகள் ஆள் சேதமின்றி எரிந்தன என்று யாராவது எண்ணி வைத்திருந்தால், 94 வரை காத்திருக்க வேண்டி வந்திருக்காது.

அமெரிக்காவில் 1973-இல் ‘எரியும் அமெரிக்கா’ என்றொரு ஆணைய அறிக்கை வந்தது. வருடத்துக்குச் சுமார் 12,000 பேர் தீயில் சாகிறார்கள், ஆனால் தேச அளவில் ஒழுங்கான கணக்கே இல்லை என்றது. மறு வருடமே சட்டம் வந்தது; ஊர் ஊராகத் தீயணைப்புக் குழுக்களிடமிருந்து ஒரே படிவத்தில் தகவல் திரட்டும் ஏற்பாடு உருவாயிற்று. அதிலும் ஓட்டை உண்டு. தேச அளவில் அது விருப்பத்தின் பேரில் அனுப்பும் தகவல்; அனுப்பாத ஊர் கணக்கில் இல்லை. என்றாலும், தீயணைப்பவன் எழுதுவதை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமாவது அங்கே ஐம்பது வருடம் பழையது. நம்மிடம் 2023 ஜூலையில் மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அப்படிப்பட்ட பணம் எங்கே தேவை என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? வண்டி போன இடத்தில் மட்டுமே தீயைக் காணும் கணக்கைப் பார்த்தென்றால், ஏற்கெனவே வண்டி போகும் இடத்துக்கே இன்னொரு வண்டி போகும்.

7

ஆகவே கேள்வி எண்ணுவதா வேண்டாமா என்பதல்ல. யார் வாயிலிருந்து எண் பிறக்கிறது என்பதே. அழைப்பு வராத தீயையும் எழுத வேண்டும். பிடித்த நேரம், வண்டி நிற்கக்கூடிய கடைசி இடம், அங்கிருந்து நடை தூரம், அந்த மாதத்துத் தண்ணீர், அணைத்தவர்கள் யார், எதைக் கொண்டு அணைத்தார்கள், வெந்தவர் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார், காரணத்தைச் சொன்னது யார் என்பனவற்றுக்குக் கட்டங்கள் வேண்டும். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் போதாது. வீட்டாரின் கூற்றுக்கொன்று, அதிகாரியின் கூற்றுக்கொன்று என்று இரண்டாவது வேண்டும். கிராம சபையில் வருடத்துக்கொரு முறை வாய்விட்டு வாசிக்கப்படுகிற பதிவேடாக அது இருக்கலாம். பிறகு மாவட்டம், மாநிலம், தேசம் என்று கூட்டிக்கொள்ளட்டும்.

இதில் ஆபத்தும் உண்டு. பழைய மெட்ராஸ் வனச் சட்டம் 1882-ஆம் வருடத்தியது. இன்றும் தமிழ்நாடு வனச் சட்டமாக வாழ்கிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது அதன்படி குற்றம். சரிவில் தீயைப் பார்த்துச் சொல்லப் போனவன் ‘நீதானே வச்சே?’ என்ற கேள்வியைச் சந்திக்க நேரும் என்ற பயம் மலைவாசிகளுக்குப் பரம்பரையாக இருக்கிறது. சொல்பவனைச் சந்தேக நபராக்கும் கணக்கில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தகவலுக்கும் வழக்குக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பாமல், மலையில் எந்தத் தீக்கணக்கும் தேறாது.

அன்றைக்குக் கிளியூரில் நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்ததை அந்தக் கிழவி பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘என்னா சாமி எழுதற?’ என்றாள். எரிஞ்சதுக்கு ஒரு கணக்கு, ஆயா என்றேன். ‘கவருமெண்டா?’ இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, கையை நீட்டி மேல் சரிவைக் காட்டினாள். ‘போன வருசம் அங்கிட்டு ஒண்ணு எரிஞ்சுது. அதுக்கு முந்தி என் தங்கச்சி ஊடு. எழுதறதுதான் எழுதற, அதையும் எழுதிக்க.’